எதற்காக ஆடுகிறோம்?

கிழக்கேகோட்டை பஸ் நிலையத்தருகே ஒரு டீக்கடை. ஞாயிறு காலை ஆட்டம் முடிந்ததும் எங்கள் கால்பந்து அணி கூடும் இடம் அது. சாலைக் கடைத்தெருவில் மூட்டை தூக்கும் இளைஞர்கள், கடைச் சிப்பந்திகள், என்னைப் போன்ற குமாஸ்தாக்கள் எனப் பதினைந்து பேர். எல்லோரும் தமிழர்கள்.

சென்ற மாதம் அணி உடையும் நிலைக்கு வந்துவிட்டது. நன்றாக ஆடும் மலையாளி இளைஞர் ஒருவர் சேர விரும்பினார். "இது தமிழர் அணி" என்றார் ஒருவர். "கோப்பை வேண்டுமா, வேண்டாமா?" என்றார் மற்றொருவர். மூட்டை தூக்கும் தம்பி கேட்டான்: "போட்டி நாளில் கூலியை விட்டுவிட்டு வருகிறேன். என்னை உட்கார வைத்து அவரை இறக்குவீர்களா, அண்ணே?"

யாரிடமும் பதில் இல்லை. எதற்காக ஆடுகிறோம் என்று நாங்கள் ஒருநாளும் கூடிப் பேசியதில்லை. பிறகு பதில் எங்கிருந்து வரும்?

1973 டிசம்பரில் எர்ணாகுளத்தில் கேரளம் முதன்முறையாக சந்தோஷ் டிராபியை வென்றது. இறுதி ஆட்டத்தில் 3-2 என்று தோற்றது ரயில்வே அணி. ரயில்வே ஊழியனான எனக்கு அதைப் படிக்கும்போதெல்லாம் சிறு வருத்தம்தான். மூன்று கோல்களையும் அடித்தவர் கேப்டன் மணி. பயிற்சியாளர் யார் தெரியுமா? 1960 ரோம் ஒலிம்பிக்கில் இந்தியாவுக்கு ஆடிய தமிழர் சைமன் சுந்தரராஜ். வெவ்வேறு நிறுவன அணிகளில் ஆடியவர்கள் அன்று ஒரே அணியாக நின்றார்கள். தமிழரின் பயிற்சியில் கேரளம் கோப்பையைத் தூக்கியது. அப்படியிருக்க, நம் அணியில் ஒரு மலையாளி ஆடினால் குடி முழுகிவிடுமா?

ஆகவே நான் சொல்வது இதுதான். எல்லோரும் உட்கார்ந்து அணியின் நோக்கத்தை நான்கு வரியில் எழுத வேண்டும். ஏன் ஆடுகிறோம், யார் சேரலாம், யாரை எப்படி இறக்குவது, கூலி இழப்பவருக்கு என்ன செய்வது என்பவை அதில் இருக்க வேண்டும். கேப்டன் மட்டும் எழுதினால் அது உத்தரவு. மூட்டை தூக்கும் தம்பியும் வாய் திறந்து பேசி, சம்மதித்துக் கையெழுத்திட்டால்தான் அது அணியின் வாக்கு. ஆண்டுக்கொரு முறை எடுத்துப் படித்து, வேண்டியதைத் திருத்தலாம்.

"எழுதி வைத்தால் கோல் விழுமா?" என்று கேட்பார்கள். விழாது. ஆனால் தோற்ற மறுவாரமும் பதினைந்து பேரும் மைதானத்துக்கு வருவார்கள். பிழைக்க வந்த ஊரில் நமக்கு அதைவிடப் பெரிய கோப்பை எது?