ஒம்பதாயிரம் லூமென்ஸ், சார்!

விடியற்காலை நாலரை மணிக்கு பெசன்ட் நகர் பக்கம் வந்து பாருங்கள். தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு ஒரு கூட்டம் ஓடிக்கொண்டிருக்கும். ஏதோ சுரங்கத்தில் ஷிஃப்ட் முடிந்து வருகிறவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். ஐ.டி. மேனேஜர், பல் டாக்டர், ஆடிட்டர், பேரன் எடுத்த தாத்தா... எல்லாம் மராத்தான் பயிற்சி! சென்னை வெயிலில் ஏழு மணிக்கு மேல் ஓடினால் நாக்கு தள்ளிவிடும். அதனால் இருட்டிலேயே ஆரம்பித்து, சூரியன் முறைப்பதற்குள் முடித்துவிடுகிறார்கள். அடியேனும் அந்தக் கும்பலில் ஒருவன். கடைசியாக வருகிற ஆள்.

இந்தக் கும்பலை நம்பி ஒரு வியாபாரம் நடக்கிறது. என் கோபம் அதன் மீதுதான்.

முதல் விளக்கு வாங்க ரிச்சி தெருவுக்குப் போனேன். கடைக்காரர் அட்டைப்பெட்டியைத் தட்டிக் காட்டினார். "ஒம்பதாயிரம் லூமென்ஸ், சார்! ஏரோப்ளேன்ல போறவனுக்கே தெரியும்." எனக்கு ஏரோப்ளேன்காரரிடம் ஒரு வேலையும் இல்லை. இருந்தாலும் எண்ணைப் பார்த்து மயங்கி, 799 ரூபாய் கொடுத்து வாங்கினேன். மறுநாள் காலை முதல் பத்து நிமிஷம் பட்டப்பகல். நாற்பதாவது நிமிஷம் கார்த்திகை அகல். நாற்பத்தைந்தாவது நிமிஷம் அதுவும் இல்லை. கேபிளுக்காக யாரோ தோண்டி, யாரோ பாதி மூடிய பள்ளத்தில் வலது கால் இறங்கியது. மூன்று வாரம் கிரேப் பேண்டேஜ்.

லூமென்ஸ் என்பது விளக்கிலிருந்து வெளியே வரும் மொத்த வெளிச்சத்தின் அளவு. ஒழுங்கான கம்பெனிகள் இதை அளக்க அமெரிக்கத் தர அமைப்பான 'ஆன்சி'யின் எஃப்.எல்.1 முறையைப் பின்பற்றுகின்றன. 2009-ல் வந்தது. அதன்படி, வெளிச்சத்தை ஸ்விட்ச் போட்ட 30 விநாடியிலிருந்து 2 நிமிடத்துக்குள் அளக்க வேண்டும். சரி, 'பத்து மணி நேரம் எரியும்' என்று போட்டிருக்கிறதே, அது? வெளிச்சம் ஆரம்பத்தில் இருந்ததில் 10 சதவிகிதமாகச் சுருங்கும் வரை ஆகும் நேரம்! அதாவது 400 லூமென்ஸ் விளக்கு 40 லூமென்ஸில் முனகிக்கொண்டிருந்தாலும் கணக்குப்படி அது 'எரிகிறது'.

நான் படித்தது பி.காம். அதில் உருப்படியாகக் கற்றுக்கொண்டது ஒன்று உண்டு. மார்ச் 31-ம் தேதி கணக்கில் காட்டிய பணம் ஏப்ரல் 2-ம் தேதியும் இருக்கிறதா என்று பார். 'விண்டோ டிரெஸ்ஸிங்' என்பார்கள். இந்த அட்டைப்பெட்டிகள் எல்லாமே மார்ச் 31 கணக்குகள்தான்.

இதாவது பரவாயில்லை, ஒரு விதிக்குக் கட்டுப்பட்ட கணக்கு. என் ஒம்பதாயிரத்தில் அதுவும் கிடையாது. உள்ளே இருந்த பேட்டரியின் பெயர் 18650. 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம். இந்த அளவில் உலகின் நல்ல கம்பெனிகள் செய்யும் பேட்டரியே சுமார் 3,500 எம்.ஏ.ஹெச். தான் தாங்கும். என்னுடையதில் 9,900 என்று அச்சடித்திருந்தது. அரைப்படியில் இரண்டு படி அரிசி கொட்டியிருக்கிறார்களாம்!

ஓடுகிற மனிதனுக்கு எவ்வளவுதான் வெளிச்சம் வேண்டும்? கணக்குப் போட்டுப் பாருங்கள். மணிக்கு 10 கிலோமீட்டர் வேகம் என்றால் விநாடிக்கு 2.8 மீட்டர். பள்ளத்தைக் கண் பார்த்து, மூளை புரிந்துகொண்டு, கால் விலக ஒன்றரை விநாடி வையுங்கள். நாலு மீட்டர் சொச்சம். பாதுகாப்புக்கு அதை இரண்டு மடங்காக்கினாலும் எட்டு, ஒன்பது மீட்டர். அவ்வளவுதான் சார்! நகரச் சாலைக்கு ஒரு மணி நேரமும் மங்காமல் நிற்கிற 200 லூமென்ஸ் தாராளம். அந்த வெளிச்சம் அகலமாக விரிய வேண்டும். ஊசி மாதிரி தூரத்தில் போய்க் குத்துகிற விளக்கு வேட்டைக்காரனுக்கு. நமக்கு எதிரி காலடியில் இருக்கிறான்.

குமரி மாவட்டத்தில் ரப்பர் பால் வெட்டுகிறவர்களைப் பாருங்கள். விடியும் முன்பே தலையில் விளக்கோடு தோட்டத்தில் இறங்குகிறார்கள். கத்தி படும் கை நீளம், அடுத்த மரத்துக்குப் போகும் வழி, நடுவில் பாம்பு. இவை தெரிந்தால் போதும். லூமென்ஸ் எத்தனை என்று அவர்கள் யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. கழுத்து வலிக்காமல் இருக்கிறதா, வேலை முடியும் வரை எரிகிறதா? வயிற்றுப்பாட்டுக்காக விளக்கு வாங்குகிறவன் கேட்கிற கேள்விகள் இவை. பொழுதுபோக்குக்கு வாங்குகிற நாம்தான் எண்ணில் விழுகிறோம்.

கனமும் சாதாரண விஷயமில்லை. அந்த 18650 பேட்டரி மட்டுமே 45 கிராமுக்கு மேல். மொத்தமும் நெற்றியில் தொங்கினால், ஒவ்வொரு அடிக்கும் விளக்கு தலையாட்டும்; சாலையே ஆடுகிற மாதிரி இருக்கும். இறுக்கிக் கட்டினால் தலைவலி. பேட்டரி பின்னந்தலையில் இருக்கிற மாடலாகவோ, மொத்தமே 100 கிராமுக்குள் அடங்குவதாகவோ பாருங்கள்.

எந்தப் பெட்டியிலும் எழுதாத ஒரு ரகசியம் இருக்கிறது. நெற்றி விளக்கு பள்ளத்தை மறைக்கும்! விளக்கும் கண்ணும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால், மேடு பள்ளத்தின் நிழல் உங்கள் பார்வைக்கு வராது. ஃப்ளாஷ் போட்டு எடுத்த போட்டோவில் மூக்கு சப்பையாகத் தெரிகிறதே, அதே கதைதான். விளக்கை இடுப்பு உயரத்துக்கு இறக்குங்கள். சின்னக் கல்லுக்கும் நீள நிழல் விழும். இடுப்பில் கட்டும் விளக்குகள் வந்துவிட்டன. கையில் ஒரு சின்ன டார்ச் பிடித்தாலும் சரி. போகிக் காலைப் புகையில் ஓடியவர்களுக்கு இன்னொரு லாபமும் புரியும். நெற்றி விளக்கு அந்தப் புகையைத்தான் வெள்ளைச் சுவராக்கிக் காட்டும். மழைக்கு மறுநாள் ஈசல் வேறு நேராக வாய்க்குள் வரும். சைவர்கள் கவனிக்க!

இனி முக்கியமான விஷயம். ஓடுகிறவனைக் கொல்வது பெரும்பாலும் பள்ளம் அல்ல, வண்டி. பின்னால் வருகிற வேன் டிரைவருக்கு உங்கள் நெற்றியில் ஒம்பதாயிரம் எரிந்தால் என்ன, ஒம்பது லட்சம் எரிந்தால் என்ன? அவர் பார்ப்பது உங்கள் முதுகை. அதுவும் வியர்வை தெரியாமலிருக்க நாம் போடுகிற கறுப்பு டி-ஷர்ட்டை. மணிக்கு 60 கிலோமீட்டரில் வருகிறவர் 50 மீட்டரை மூன்று விநாடியில் தாண்டிவிடுவார். "வண்டிகளுக்கு எதிர்ப் பக்கமாகத்தானே ஓடுகிறேன்" என்பீர்கள். நல்லது, அப்படித்தான் ஓட வேண்டும். ஆனால், நம்ம ஊரில் ராங் சைடில் டூவீலர் பின்னாலிருந்தும் வருமே! ஆகவே முதுகில் சிவப்பு விளக்கு ஒன்று. கணுக்காலிலும் முழங்காலிலும் ஒளி பிரதிபலிக்கும் பட்டை. மார்பில் ஒட்டிய பட்டையைவிட, மூட்டுகளில் அசைகிற பட்டையைப் பார்த்துத்தான் 'இது மனுஷன்' என்று டிரைவரின் மூளை சீக்கிரம் உணர்கிறது என்று ஆராய்ச்சிகள் சொல்கின்றன. ஒம்பதாயிரம் லூமென்ஸ் பெட்டிக்குள் இந்தப் பட்டையில் ஒரு முழம் வைத்துத் தர ஒருவருக்கும் மனசில்லை.

"ஏன் ரோட்டில் ஓடணும்? பிளாட்பாரத்தில் ஓடலாமே" என்று சிலர் கேட்கிறார்கள். எந்தப் பிளாட்பாரம் சார்? 2022-ல் இந்தியச் சாலைகளில் செத்த பாதசாரிகள் 32,825 பேர். மத்திய அரசே கொடுத்த கணக்கு. நாளைக்குத் தொண்ணூறு பேர். கோவை எலும்பு முறிவு டாக்டர் ராஜசேகரன் 2012-ல் போட்ட வழக்கில், தடையில்லாத நடைபாதை என்பது அரசியல் சாசனத்தின் 21-வது பிரிவு தரும் உரிமை என்று சுப்ரீம் கோர்ட் 2025 மே மாதம் சொன்னது. உரிமை வந்துவிட்டது, நடைபாதை வரட்டும், நான் லைட்டைக் கழற்றிவிடுகிறேன். அதுவரை தெரு விளக்குக்கு வரியும் கட்டி, தலைக்கு விளக்கும் கட்டிக்கொண்டுதான் ஓடியாக வேண்டும்.

நம் கும்பலுக்கும் ஒரு வார்த்தை. பேசுவதற்காகத் திரும்பும்போது எதிரே இருப்பவர் கண்ணில் ஆயிரம் லூமென்ஸ் அடிக்கிறீர்கள். இருட்டுக்குப் பழகிய கண் ஒருமுறை கூசினால் மறுபடி முழுசாகப் பழக அரை மணி நேரம்கூட ஆகும். போன வாரம் ஒரு பெரியவர் கையால் முகத்தை மறைத்துக்கொண்டு, "ஏம்ப்பா, என்னைப் பாத்தது போதும், ரோட்டைப் பாரு" என்றார். அந்த லைட் என்னுடையது.

கால் சரியானதும் ரிச்சி தெருவுக்கு மறுபடி போனேன். அதே கடை, அதே பெட்டி. எண் மட்டும் பன்னிரண்டாயிரம் ஆகியிருந்தது. "ஃபுல் வெளிச்சத்தில் எத்தனை நிமிஷம் நிற்கும்?" என்று கேட்டேன். கடைக்காரர் பெட்டியை நாலு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லையே, சார்..."