குற்றம் கண்ணாடியில் இல்லை

கண்ணாடிக் கடையில் ஜன்னலுக்காக அறுத்து வைத்திருக்கும் பலகையை நேராகப் பார்த்தால், அப்படி ஒரு பொருள் இருப்பதே தெரியாது. அதையே கையில் எடுத்து விளிம்பின் வழியாகப் பார்த்தால் கரும்பச்சையாகத் தெரியும். அப்பால் இருப்பது எதுவும் புலப்படாது. ஒளி சில மில்லிமீட்டர் கனத்தைக் கடப்பதற்கும் ஓரிரண்டு அடி நீளத்தைக் கடப்பதற்கும் உள்ள வித்தியாசம் இது. இந்தக் கண்ணாடியை மயிரிழை போல இழுத்து, அதன் வழியே ஊர்விட்டு ஊர் பேசலாம் என்று 1966-ம் வருஷம் ஒருவர் சொன்னபோது, கேட்டவர்களில் பலர் நம்பாததில் வியப்பில்லை.

இன்று கண்டம் விட்டுக் கண்டம் செல்லும் பேச்சு, செய்தி, படம் எல்லாவற்றிலும் மிகப் பெரும் பகுதி கடலுக்கடியில் கிடக்கும் கண்ணாடி இழைகளின் வழியாகத்தான் போகிறது. வானத்தில் சுற்றும் செயற்கைக் கோள்கள் சுமப்பது அதில் சிறு பங்கே. இந்த அதிசயம் எப்படி நடந்தது என்று தெரிந்துகொள்வது பொழுதுபோக்குக்கு மட்டுமல்ல. நம் நாட்டுக்கு அதில் ஒரு பாடமும் இருக்கிறது.

ஒளியின் மூலம் செய்தி அனுப்பும் ஆசை புதிதல்ல. டெலிபோனைக் கண்டுபிடித்த கிரஹாம் பெல், 1880-ம் வருஷத்திலேயே சூரிய ஒளிக்கற்றையில் மனிதக் குரலை ஏற்றி 200 மீட்டருக்கு மேல் அனுப்பிக் காட்டினார். ஆனால் மேகம் மறைத்தாலும், மூடுபனி கவிந்தாலும் பேச்சு நின்றுவிடும். ஆகவே இரண்டு சாதனங்கள் தேவைப்பட்டன. ஒரே சீராக ஒளிரும் விளக்கு ஒன்று. மழையும் பனியும் அண்டாத பாதை ஒன்று.

விளக்கு முதலில் வந்தது. அணுக்களைத் தூண்டிவிட்டு ஒரே விதமான ஒளியை வெளியிடச் செய்யலாம் என்ற தத்துவத்தை ஐன்ஸ்டீன் 1917-ம் வருஷம் எழுதினார். 43 ஆண்டுகள் கழித்து, 1960-ம் வருஷம் மே மாதம் 16-ந் தேதி, அமெரிக்காவில் மாலிபு என்ற ஊரில் தியோடர் மைமன் என்பவர் செயற்கை மாணிக்கத் தண்டு ஒன்றிலிருந்து அத்தகைய ஒளியை வரவழைத்தார். லேசர் பிறந்தது. அதைப் பற்றி அவர் எழுதிய கட்டுரையை அமெரிக்கப் பௌதிகப் பத்திரிகை ஒன்று திருப்பி அனுப்பிவிட்டது. பரிகாரம் கையில் வந்துவிட்டது, இனி அதற்கேற்ற நோயைத் தேடவேண்டியதுதான் என்ற ரீதியில் மைமனின் உதவியாளரே வேடிக்கையாகச் சொன்னதுண்டு.

தேடவேண்டிய அவசியம் இருக்கவில்லை. ஓர் அலை எவ்வளவு வேகமாக அதிர்கிறதோ அவ்வளவு அதிகமான செய்தியை அதில் ஏற்றலாம். ஒளியோ ஒரு விநாடிக்குக் கோடி கோடிக்கும் அதிகமான தடவை அதிர்கிறது. லேசர் ஒளியில் டெலிபோன் பேச்சை ஏற்றினால் கொள்ளும் அளவுக்கு எல்லையே இராது என்பது அப்போதே தெரிந்தது. இல்லாதது பாதைதான்.

கண்ணாடி இழைக்குள் ஒளி வளைந்து வளைந்து செல்லும் என்பதும் தெரிந்த சங்கதியே. இழையின் உட்புறக் கண்ணாடிக்கு மேல் சற்று வேறுவகைக் கண்ணாடியால் உறை போட்டால், உள்ளே நுழைந்த ஒளி வெளியேற வழியின்றிச் சுவரில் பட்டுப் பட்டு உள்ளேயே திரும்பும். பஞ்சாபில் மோகா என்ற ஊரில் பிறந்த நரீந்தர் சிங் கபானி, லண்டனில் தம் ஆசிரியர் ஹாப்கின்ஸுடன் சேர்ந்து, இழைகளைக் கற்றையாகக் கட்டி அதன் வழியே உருவங்களை அனுப்பிய செய்தியை 1954-ம் வருஷம் வெளியிட்டார். வைத்தியர்கள் நோயாளியின் வயிற்றுக்குள் பார்க்கும் கருவிக்கு அது வழிகாட்டியது. ஆனால் வயிற்றைப் பார்க்க ஒரு மீட்டர் இழை போதும். டெலிபோனுக்குக் கிலோமீட்டர் கணக்கில் வேண்டும். அன்றைய நல்ல கண்ணாடியிலேயே 20 மீட்டர் போவதற்குள், நுழைந்த ஒளியில் நூற்றில் ஒரு பங்குதான் மிஞ்சியது. ஆகவே பெரிய டெலிபோன் ஸ்தாபனங்கள் கண்ணாடியைக் கைவிட்டு, உலோகக் குழாய்களுக்குள் நுண்ணலைகளை அனுப்பும் முயற்சியில் பணத்தைக் கொட்டின.

இந்த நிலையில்தான் சார்லஸ் காவோ வந்தார். 1933-ம் வருஷம் ஷாங்காயில் பிறந்தவர். இங்கிலாந்தில் ஹார்லோ நகரிலிருந்த தகவல் தொடர்பு ஆராய்ச்சிச் சாலையில் வேலை பார்த்தவர். கண்ணாடியில் ஒளி எவ்வளவு வீணாகிறது என்று மற்றவர்கள் அளந்துகொண்டிருக்க, ஏன் வீணாகிறது என்று இவர் கேட்டார். கண்ணாடியின் இயல்பே அதுவானால் செய்வதற்கு ஒன்றுமில்லை. ஆனால் காவோவும் அவருடைய சகா ஜார்ஜ் ஹாக்கமும் கணக்குப் போட்டுப் பார்த்ததில், ஒளியைத் தின்பது கண்ணாடி அல்ல, அதில் கலந்துள்ள இரும்பு முதலிய உலோக அழுக்குகளே என்று தெரிந்தது. ஜன்னல் பலகையின் விளிம்பைப் பச்சையாக்கும் அதே இரும்புதான். அதைப் பத்து லட்சத்தில் ஒரு பங்காகக் குறைத்துவிட்டால், ஒரு கிலோமீட்டர் கடந்த பிறகும் நூற்றில் ஒரு பங்கு ஒளி மிஞ்சும். அவ்வளவு மிஞ்சினால் டெலிபோனுக்குப் போதும் என்று 1966-ம் வருஷம் ஜூலை மாதம் இருவரும் எழுதினர்.

எழுதியதோடு காவோ சும்மா இருக்கவில்லை. கண்ணாடி செய்பவர்களிடமும் ஆராய்ச்சிச் சாலைகளிடமும் போய்ப் போய்ச் சொன்னார். 1969-ம் வருஷம், தூய சிலிக்காக் கட்டிகளை அளந்து, தாம் கேட்டதைவிடவும் தெளிவான கண்ணாடி உலகில் இருக்கவே இருக்கிறது என்று நிரூபித்தார்.

அதை இழையாக்கியவர்கள் அமெரிக்காவின் கார்னிங் கண்ணாடிக் கம்பெனியைச் சேர்ந்த மௌரர், கெக், ஷுல்ட்ஸ் என்ற மூவர். பிறர் சாதாரணக் கண்ணாடியைச் சுத்தம் செய்ய முயன்றபோது, இவர்கள் ஆவியை எரித்துப் புகைக்கரி போலப் படியவைக்கும் முறையில் தூய சிலிக்காவைத் தயாரித்தனர். பிறகு ஒளியை உள்ளே நிறுத்துவதற்காக, நடுப்பகுதியில் மட்டும் வேண்டுமென்றே சிறிதளவு டைட்டானியம் சேர்த்தனர். 1970-ம் வருஷம், காவோ விதித்த எல்லையை அந்த இழை தாண்டியது. அதே ஆண்டில் லெனின்கிராடில் ஆல்ஃபெரோவின் குழுவும், பிறகு அமெரிக்காவில் பெல் ஆராய்ச்சிச் சாலையும், கடுங்குளிரில் வைக்காமலே இடைவிடாது ஒளிரும் சின்னஞ்சிறு லேசரைச் செய்துவிட்டன. உப்புக்கல் அளவுள்ள விளக்கும், மயிரிழை போன்ற பாதையும் ஒரே வருஷத்தில் கைகூடின.

அதன் பிறகு வளர்ச்சி வேகமானது. 1979-ம் வருஷம் ஜப்பானியர் செய்த இழையில், நூற்றில் ஒரு பங்கு மிஞ்சும் தூரம் 100 கிலோமீட்டராயிற்று. 20 மீட்டர் எங்கே, 100 கிலோமீட்டர் எங்கே! 1956-ம் வருஷம் அட்லாண்டிக் கடலடியில் போட்ட முதல் டெலிபோன் கம்பியில் ஒரே சமயத்தில் 36 பேச்சுகள்தான் செல்ல முடிந்தது. 1988-ம் வருஷம் அதே கடலில் போட்ட முதல் கண்ணாடிக் கம்பியில் 40,000 பேச்சுகள் சென்றன. களைத்த ஒளியை மின்சாரமாக மாற்றாமல், ஒளியாகவே பெருக்கும் எர்பியம் இழை 1987-ம் வருஷம் வந்தது. இன்று கடலடிக் கம்பிகளில் குறிப்பிட்ட தூரத்துக்கு ஒன்றாக அது புத்துயிர் ஊட்டி நிற்கிறது.

இதன் பலனை அந்தமான் மக்களைக் கேட்டால் சொல்வார்கள். வெளியுலகத் தொடர்புக்குச் செயற்கைக் கோளையே நம்பியிருந்த அந்தத் தீவுகளுக்குச் சென்னையிலிருந்து சுமார் 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள கண்ணாடிக் கம்பி, 2020-ம் வருஷம் ஆகஸ்டு 10-ந் தேதி திறந்துவைக்கப்பட்டது. செலவு ரூ. 1,224 கோடி. நல்ல காரியம், வேண்டிய காரியம். ஆனால் அந்தக் கம்பியைத் திட்டமிட்டுத் தயாரித்தது ஜப்பானியக் கம்பெனி என்பதையும் நினைக்கவேண்டும். கபானியைப் பெற்ற நாடு, கபானி தொடங்கிய துறையின் பலனை விலை கொடுத்து வாங்குகிறது.

நம்மிடம் திறமை இல்லை என்று சொல்வதற்கில்லை. கொல்கத்தாவிலுள்ள மத்தியக் கண்ணாடி, பீங்கான் ஆராய்ச்சி நிலையம் இத்தகைய இழைகளைப் பற்றிய ஆராய்ச்சியில் ஈடுபட்டிருக்கிறது. தரையில் புதைக்கும் இழைகளை நம் தொழிற்சாலைகளும் செய்கின்றன. குறைவது பொறுமையும் பணமும்தான். 2020-21-ம் ஆண்டில் ஆராய்ச்சிக்காக நாடு முழுவதும் செலவானது, மொத்த உள்நாட்டு உற்பத்தியில் நூற்றுக்கு 0.64 பங்கு. பசித்தவர் இருக்கும் நாட்டில் உடனே பயன் தராத ஆராய்ச்சி எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் 1917-ல் ஐன்ஸ்டீனிடமும், 1960-ல் மைமனிடமும், 1966-ல் காவோவிடமும் அதே கேள்வியைக் கேட்டிருந்தால், அன்றைக்கு அவர்களால் தக்க விடை சொல்லியிருக்க முடியாது. விதைநெல்லைச் சமைத்துச் சாப்பிடுவது சிக்கனமாகாது.

காவோவுக்கு 2009-ம் வருஷம் நோபல் பரிசு கிடைத்தது. அதற்குள் மறதி நோய் அவரைப் பற்றிக்கொண்டிருந்தது. பரிசு பெறுபவர் நிகழ்த்தவேண்டிய சொற்பொழிவை அவருக்காக அவருடைய மனைவியே நிகழ்த்தினார். 2018-ம் வருஷம் அவர் மறைந்தார். தாம் திறந்த பாதையில் உலகமே பேசிக்கொள்வதை ஒரு காலம் வரையிலாவது அவர் அறிந்திருந்தார் என்பது ஆறுதல்.

முடியாது என்று ஒதுக்கிய காரியத்தில், தடை பொருளில் இருக்கிறதா, அதில் படிந்த அழுக்கில் இருக்கிறதா என்று முதலில் பார்க்கவேண்டும். அப்படிப் பார்க்கக்கூடிய இளைஞர்கள் நம் கல்லூரிகளிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஓர் ஆராய்ச்சிச் சாலையும், அவசரப்படுத்தாத பத்து வருஷமும் கொடுக்கச் சர்க்காரும் தொழிலதிபர்களும் முன்வரவேண்டும்.