ஒறிகானோவை யன்னலில் வளர்ப்போம், போத்தலில் தேட வேண்டாம்

ரொறன்ரோவில் பனிக்காலம் தொடங்கினால் எங்கள் வீடுகளில் தடிமனும் இருமலும் தொடங்கிவிடும். கூடவே ஒறிகானோ எண்ணெய்ப் போத்தலும் வந்துவிடுகிறது. "இரண்டு துளி நாக்கின் கீழ் விட்டால் போதும்" என்று ஒருவர் சொல்ல, அடுத்தவர் வாங்குகிறார். அந்தக் காசில் ஒறிகானோச் செடியையே மண் இல்லாமல், யன்னல் ஓரத்தில், பனிக்காலம் முழுவதும் வளர்த்துச் சாப்பிடலாம். அதையே நான் பரிந்துரைக்கிறேன். ஆனால் ஒரு நிபந்தனை: அது சாப்பாடாகவே இருக்கட்டும்.

ஒறிகானோ மத்தியதரைக்கடல் நாடுகளின் மூலிகை. பீற்சாவில் தூவுவதால் பிள்ளைகளுக்குப் பழக்கமானது. எங்களுக்கும் அது அந்நியமல்ல. துளசி, புதினா, கற்பூரவள்ளி எல்லாம் அதன் குடும்பமே. அதன் மணத்துக்குக் காரணமான கார்வக்ரோல், தைமோல் என்பவை கற்பூரவள்ளியிலும் உண்டு. அதனால்தான் கற்பூரவள்ளிக்குக் 'கியூபன் ஒறிகானோ' என்றும் ஒரு பெயர். கீழே சொல்லும் முறை இரண்டுக்கும் பொருந்தும்.

கடையில் சமையல் மூலிகையாக விற்கும் செடியையே வாங்குங்கள். அலங்காரச் செடிகளுக்கு அடித்த மருந்து சாப்பிட ஏற்றதாக இராது. பூக்காத இளந்தண்டை நாலு அங்குலம் வெட்டி, கீழ் இலைகளை நீக்கித் தண்ணீரில் நிறுத்துங்கள். சில நாளுக்கொரு தடவை தண்ணீரை மாற்றினால் இரண்டு மூன்று கிழமையில் வேர் விடும். பின்னர் ஒரு லீற்றர் போத்தலுக்கு மாற்றி, மண்ணில்லாப் பயிருக்கென விற்கும் ஊட்டத் திரவத்தைக் குறித்த அளவில் பாதியாகக் கலந்து விடுங்கள். சாதாரணத் தோட்ட உரம் இதற்குச் சரிவராது.

ஹவாய்ப் பல்கலைக்கழக ஆய்வாளர் பேர்னார்ட் கிராட்கி பரப்பிய முறையில் பம்பும் தேவையில்லை. செடி குடிக்கக் குடிக்க நீர்மட்டம் இறங்கும். வெளியே தெரியும் மேல்வேர் காற்றை எடுக்கும், கீழ்வேர் நீரை எடுக்கும். ஆகவே போத்தலை மறுபடி விளிம்புவரை நிரப்பாதீர்கள், வேர் அழுகிவிடும். வெளிச்சம் பட்டால் பாசி பிடிக்கும் என்பதால் போத்தலைக் கறுப்புத் தாளால் சுற்றுங்கள். டிசம்பர் கடைசியில் இங்கு பகல் ஒன்பது மணித்தியாலம்கூட இல்லை. எனவே ஒரு எல்.ஈ.டி. விளக்கை நாளுக்குப் பதினாலு மணித்தியாலம் அளவில் எரியவிடுங்கள். கோடையில் பல்கனியில் வைத்தால் வாயை மூடிவையுங்கள், நுளம்பு பெருகும்.

காய்ந்த ஒறிகானோ கடையில் மலிவாகக் கிடைக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். உண்மைதான். ஆனால் கைக்கெட்டும் தூரத்தில் பச்சை இலை இருந்தால் கை அதிகம் அதை நாடும். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பையே பரிந்துரைக்கிறது. இரத்த அழுத்தம் உள்ளவர்கள் சூப்பிலும் பொரித்த மீனிலும் தக்காளிக் குழம்பிலும் உப்பைக் குறைத்து, இந்த இலையையும் தேசிக்காய்ப் புளியையும் கூட்டிப் பார்க்கலாம். செடியின் மெய்யான பயன் அங்கேதான்.

மருந்து விடயத்துக்கு வருவோம். ஆய்வுகூடத்தில் கார்வக்ரோல் சில கிருமிகளைக் கொல்வது உண்மை. ஆனால் ஒறிகானோ எண்ணெய் மனிதரின் தடிமனைக் குணப்படுத்தும் என்பதற்கு நம்பத்தக்க சான்று இல்லை. செறிவான எண்ணெய் வாயையும் வயிற்றையும் எரிக்கும். கர்ப்பிணிகள் அதைத் தவிர்க்க வேண்டும். இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள் வைத்தியரைக் கேட்காமல் தொடக்கூடாது.

எனக்குப் பெரிய கவலை குழந்தைகளைப் பற்றியது. இருமலுக்குக் கற்பூரவள்ளிச் சாற்றில் தேன் கலந்து கொடுப்பது எங்கள் பழக்கம். ஒரு வயதுக்குக் குறைந்த குழந்தைக்குத் தேன் கொடுக்கவே கூடாது. பொட்டுலிசம் என்ற ஆபத்தான நோயை உண்டாக்கும் கிருமியின் வித்துக்கள் அதில் இருக்கலாம். ஆறு மாதம்வரை தாய்ப்பாலோ குழந்தைப் பால்மாவோ போதும், எந்தச் சாறும் வேண்டாம். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் 38 பாகை செல்சியஸ் எட்டினால் இலையைத் தேடி நிற்காமல் உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். எந்த வயதுக் குழந்தையானாலும் மூச்செடுக்கக் கஷ்டப்பட்டால் தாமதிக்கக் கூடாது.

அம்மம்மாக்களின் கைவைத்தியத்தை இழிவுபடுத்துவது என் நோக்கமல்ல. பெரியவர்களின் தொண்டைக்கு இலை போட்ட சுடுநீர் இதமாக இருக்கும், குடியுங்கள். பேரப்பிள்ளைகளும் அம்மம்மாவும் சேர்ந்து ஒரு போத்தலில் வேர் வளர்வதைப் பார்ப்பதும் நல்ல பொழுதே. இந்த வார இறுதியில் ஒரு தண்டை வெட்டித் தண்ணீரில் வையுங்கள். இலை சட்டிக்குப் போகட்டும். நோய் வந்தால் வைத்தியரிடம் போவோம்.