இருபது குழாய் எதற்கு?

தமிழ்நாட்டில் வளர்ந்த ஒருவனுக்கு பீரைப் பற்றிக் கேட்கத் தெரிந்த ஒரே கேள்வி, "அண்ணே, கூலிங் இருக்கா?" என்பதுதான். 2003இலிருந்து சில்லறை மது விற்பனை முழுக்க டாஸ்மாக் கையில். கம்பிக்குள்ளே காசை நீட்டினால் உள்ளே இருப்பவர் எடுத்துக் கொடுப்பதை வாங்கிக்கொண்டு வர வேண்டும். பெயர் சொல்லிக் கேட்டால் "அது இல்ல, இதான் இருக்கு" என்பார். அப்படிப்பட்ட ஊரிலிருந்து வேலைக்காக பெங்களூர் வந்து, ஒரு பாரில் கரும்பலகை முழுக்க சாக்பீஸால் எழுதிய பீர் பெயர்களை முதல்முறை பார்த்தபோது எனக்குக் கிட்டத்தட்ட வாக்குரிமை கிடைத்த மாதிரி இருந்தது.

பல வருடம் அந்தக் கரும்பலகைகளுக்குக் கீழே உட்கார்ந்து எழுந்த பிறகு சொல்கிறேன். அவற்றில் பாதிக்கு மேல் ஏமாற்று. டாஸ்மாக்கில் தேர்வே இல்லை. இங்கே தேர்வு இருப்பதுபோல நடிக்கிறார்கள். முன்னதாவது நேர்மையானது.

என் பழைய டீம்மேட் ஒருவன், கோயம்புத்தூர்க்காரன், வேலையை விட்டுவிட்டு இரண்டு பேரோடு சேர்ந்து ஒரு பாரை எடுத்தான். சொந்தமாகக் காய்ச்சும் இடம் இல்லை. சின்ன ப்ரூவரிகளிடமிருந்து கெக் என்கிற எஃகுப் பீப்பாய்களை வாங்கி, குழாயில் மாட்டி ஊற்றும் இடம். மொத்தம் இருபது குழாய். ஒரு ஷீட் அனுப்பினான். "மச்சி, டிராஃப்ட் லிஸ்ட் இதான். ஓகேவான்னு பாத்து சொல்லு."

பார்த்தேன். ஏழு ஐபிஏ. ஐந்து வீட் பீர். மாம்பழம், பலாப்பழம் என்று நான்கு பழ பீர். ஏழு சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் உள்ள இரண்டு ஸ்டவுட். ஓரமாக ஒரே ஒரு லாகர். பெயரை வைத்து என்னவென்றே கண்டுபிடிக்க முடியாத ஒன்று. ஆக இருபது. நாலரை சதவீதத்துக்குக் கீழே ஒன்றுகூட இல்லை.

"எட்டு போதும்டா" என்றேன். அன்றைக்கு ஆரம்பித்த சண்டை இரண்டு வாரம் ஓடியது.

அவன் வாதம் சுலபமானது. இருபது குழாய் பார்க்கவே கெத்து, போட்டோ எடுத்துப் போடுவார்கள், கூட்டம் வரும். நான் கேட்டது ஒரே ஒரு வகுத்தல் கணக்கு. ஒரு நாளைக்கு எவ்வளவு விற்கும்? சராசரியாக 40 லிட்டர் என்றான். அதில் பாதி, எல்லோருக்கும் பழகிய அந்த ஒரு வீட் பீருக்கே போய்விடும் என்று அவனே ஒப்புக்கொண்டான். மீதி 20 லிட்டரை 19 குழாய்கள் பங்குபோட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரு நாளைக்கு ஒரு லிட்டரும் கொஞ்சமும். ஒரு கெக் 30 லிட்டர் என்று வைத்தால், அது காலியாக ஏறக்குறைய நான்கு வாரம். எட்டே குழாய் என்றால் அதே 20 லிட்டரை ஏழு பங்குபோடும். பத்து, பதினோரு நாளில் கெக் காலி.

அந்த இரண்டரை வார வித்தியாசம்தான் எனக்கும் அவனுக்கும் உள்ள சண்டை. பீர் விஸ்கி இல்லை. காத்திருந்தால் மேம்படும் வகைகள் சில உண்டு, ஆனால் ஐபிஏ அந்தச் சாதி இல்லை. அதன் உயிரே ஹாப்ஸ் வாசனை. அது வாரக்கணக்கில் மங்கும். மிஞ்சுவது கசப்பு மட்டும். நம் ஊர்ப் பையன் ஒருத்தன் முதல்முறை ஐபிஏ குடித்துவிட்டு "கஷாயம் மாதிரி இருக்கு ப்ரோ" என்று சொன்னால், அவன் ரசனையைக் குறை சொல்வதற்கு முன்னால் அந்தக் கெக்கின் வயதைக் கேளுங்கள்.

கெக்குக்கும் குழாய்க்கும் நடுவில் ஒரு டியூப் ஓடுகிறது. லைன் என்பார்கள். அதற்குள் ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் படியும். பீரில் வெண்ணெய் வாடையோ வினிகர் புளிப்போ அடித்தால் பல நேரம் குற்றவாளி இந்த லைன்தான், காய்ச்சியவர் இல்லை. அமெரிக்காவின் ப்ரூவர்ஸ் அசோசியேஷன் பதினான்கு நாளுக்கு ஒருமுறை லைனைக் கழுவச் சொல்கிறது. ஒவ்வொரு முறை கழுவும்போதும் லைனில் நிற்கும் பீரைக் கொட்ட வேண்டும். இருபது லைன் என்றால் இருபது முறை நஷ்டம். வாடகை ஏறும் மாதத்தில் யார் முதலில் கழுவுவதை நிறுத்துவார்கள் என்று நான் சொல்லத் தேவையில்லை.

சரி, எட்டு என்றால் எந்த எட்டு?

முதலில் ஒரு நல்ல பில்ஸ்னர். கிராஃப்ட் ஆட்கள் லாகரை ஏளனமாகப் பார்ப்பது ஒரு நோய். பழம் போட்டோ ஹாப்ஸ் கொட்டியோ ஒரு தவறை மூடலாம், பில்ஸ்னரில் ஒளிய இடமே இல்லை. அதைச் செய்யப் பொறுமையும் வேண்டும். வீட் பீர் இரண்டு, மூன்று வாரத்தில் தயாராகிவிடும், லாகர் பல வாரம் குளிரில் தொட்டியில் கிடக்க வேண்டும். தொட்டி காலியாவதுதான் காசு. நம் கரும்பலகைகளில் வீட் பீர் நிறைந்திருப்பதற்கு ரசனை மட்டும் காரணம் இல்லை.

அடுத்து ஒரு வீட் பீர், ஒன்றே ஒன்று. ஒரு பேல் ஏல், ஒரு ஐபிஏ. புளிப்பாக ஒன்று. அடர்த்தி குறைவான கறுப்பு ஸ்டவுட் ஒன்று. கறுப்பு என்றால் ஸ்ட்ராங் என்று நம்மில் பலர் இன்னும் நம்புகிறோம். கின்னஸ் டிராஃப்ட் வெறும் 4.2 சதவீதம், பொன்னிறத்தில் பளபளக்கும் சாதாரண கிங்ஃபிஷர் பிரீமியத்தைவிடக் குறைவு. ஏழாவது, நாலு சதவீதத்துக்குக் கீழே ஒன்று. எட்டாவது குழாயில் மாதத்துக்கு ஒரு பீர். பலாப்பழமோ காபியோ, அங்கே எதை வேண்டுமானாலும் போட்டு ஆடட்டும்.

நண்பனின் பிரம்மாஸ்திரம் எதிர்பார்த்ததுதான். "கஸ்டமர் கேக்கறததானே வைக்க முடியும்?" இது ஒவ்வொரு துறையிலும் சோம்பேறிகள் சொல்வது. மசாலாப் படத் தயாரிப்பாளர் சொல்வார், ஜோதிடப் பக்கம் போடும் பத்திரிகை சொல்லும். வந்த கவிதையெல்லாம் போடும் இதழை நாம் தாராளமான இதழ் என்றா சொல்கிறோம்? ஆசிரியர் இல்லாத இதழ் என்கிறோம். லிஸ்ட் போடுவதும் அந்த வேலைதான். நன்றாக இருக்கும் ஏழாவது ஐபிஏவையும் வேண்டாம் என்று சொல்லத் தெரிய வேண்டும்.

எல்லாவற்றையும் விட எனக்குக் கோபம் அந்த ஏழாவது குழாய் விஷயத்தில்தான். இந்தியாவில் அதிகம் விற்பது ஸ்ட்ராங் பீர். குறைந்த காசில் சீக்கிரம் ஏற வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. கிராஃப்ட் பீர் வந்தபோது, சுவைக்காகக் குடிப்பது என்று ஒன்று உண்டு என்று சொல்லிக்கொண்டுதான் வந்தது. 2010இல் இந்திராநகரில் டாய்ட் திறந்ததிலிருந்து பெங்களூர் இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறது. ஆனால் அழகான பெயர் வைத்து, இரண்டு மடங்கு விலை போட்டு, ஏழு சதவீதத்தையே ஊற்றினால் அதே ஸ்ட்ராங் பீர்தானே? கம்பிக்குப் பதில் கண்ணாடி, அதுதான் மாற்றம். நாலு பேர் மூன்று மணிநேரம் உட்கார்ந்து பேசுகிற மேசையில் ஒரு 3.5 சதவீத பீர் இருந்தால் பேச்சு கடைசிவரை பேச்சாகவே இருக்கும். இங்கிலாந்தின் பப்களில் இது சாதாரண விஷயம். இங்கே அது லிஸ்ட்டிலேயே இல்லை. பல பாரில் பெயருக்குப் பக்கத்தில் சதவீதத்தைக்கூட எழுதுவதில்லை. வண்டி ஓட்டிப் போகிறவனிடமிருந்து அந்த எண்ணை மறைப்பதற்கு என்ன பெயர்?

நண்பன் கடைசியில் பன்னிரண்டில் வந்து நின்றான். லைன் கழுவும் தேதியைச் சுவரில் எழுதி வைக்கிறான், அந்த மட்டில் சந்தோஷம். ஆனால் சதவீதம் குறைந்த பீரை மட்டும் சேர்க்க மாட்டேன் என்றுவிட்டான். "யாருடா அத கேப்பா?"

அவன் சொன்னதில் அது ஒன்றுதான் உண்மை. யாரும் கேட்பதில்லை. அதனால் நீங்கள் கேளுங்கள். அடுத்த முறை கரும்பலகைக்குக் கீழே உட்காரும்போது மூன்றே கேள்வி. இந்தக் கெக் எப்போது திறந்தது? லைன் கடைசியாக எப்போது கழுவியது? இருப்பதிலேயே சதவீதம் குறைந்தது எது? பதில் தெரியாமல் விழித்தால் இருபது குழாயும் சுவர் அலங்காரம் என்று புரிந்துகொள்ளலாம்.

அதிகக் குளிர் நாக்கை மரத்துப்போக வைக்கும், கெட்டுப்போன பீரையும் மறைத்துவிடும். கூலிங் இருக்கா என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தால் நமக்குக் கிடைப்பதும் கூலிங் மட்டும்தான்.