கை கழுவினோம்... நல்லாவே கழுவினோம்!

பதிவு போட்டு ரொம்ப நாளாச்சு. ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி. இன்னிக்கும் எழுதற மூடு இல்ல. ஆனா எழுதாம விட்டா தூக்கம் வராதுங்கற மாதிரி ஒரு மேட்டர் மாட்டிக்கிச்சு. கொஞ்சம் நீளமான புலம்பல்தான், பொறுத்துக்கோங்க மக்களே.

போன வாரம் ஊருக்குப் போயிருந்தேன். ஊர்னா சுவாமிமலை. அறுபது படி ஏறி முருகனைப் பார்த்துட்டு, இறங்கி வந்து ஐம்பொன் சிலைக்கு விலை கேட்டுட்டு, வாங்காம கும்பகோணத்துக்கு பஸ் ஏறுவீங்களே, அதே ஊர்தான். சித்தி வீட்டுல மதியச் சாப்பாடு. தெருவுல ஒரு அம்மா கீரைக் கூடையோட குரல் கொடுத்துக்கிட்டு போனாங்க. சித்தி எட்டிக்கூட பார்க்கல.

"தெருவுல வர்றதெல்லாம் வாங்கறதில்லப்பா. கொரோனாவுக்கு அப்புறம் விட்டாச்சு. எல்லாம் கும்பகோணத்துல ஏசி கடையிலதான். சுத்தமா இருக்கும்."

நான் ஒண்ணும் சொல்லல. ரசம் சாதத்தை முழுங்கினேன். ஏன்னா இதே டயலாக்கை அந்த வீட்டுக்குள்ள கொண்டாந்து விட்டதே நான்தான். இந்தப் பதிவுல யாரையாவது திட்டணும்னா முதல் ஆளா என்னைத்தான் திட்டணும். திட்டிட்டு அப்புறம் உங்க பக்கம் வர்றேன் :-)

2020 மார்ச். வேலைக்குச் சேர்ந்து ஒண்ணரை வருஷம். சென்னையில பொட்டி தட்டிக்கிட்டு இருந்தவன், 20ஆம் தேதி ராத்திரி பஸ்ஸைப் பிடிச்சு ஊர் வந்து சேர்ந்தேன். 24ஆம் தேதி சாயங்காலம் 6 மணியிலேர்ந்து தமிழ்நாடு முழுக்க 144. மறுநாளே நாடு முழுக்க ஊரடங்கு. வீட்டுல படிச்ச புள்ள, அதுவும் இஞ்சினியர், நான் சொன்னா அப்பீலே கிடையாது. பால் பாக்கெட்டுக்கு சோப்பு. கறிகாய்க்கு உப்பு மஞ்சத் தண்ணி. ரூபா நோட்டை இஸ்திரி போட்ட மகானுபாவனும் நானேதான். சிரிக்காதீங்க, உங்கள்ல எத்தனை பேர் போட்டீங்கன்னு எனக்குத் தெரியும்.

எங்க தெருவுக்கு ஒரு கீரைக்காரம்மா வருவாங்க. கொள்ளிடக்கரைப் பக்கம் கிராமம். நான் அரை டிராயர் போட்ட காலத்துலேர்ந்து அவங்கதான். அரைக்கீரை, முளைக்கீரை, பொன்னாங்கண்ணி. பஸ் நின்ன பிறகும் நடந்தே வந்தாங்க. கூடையைத் தலையில வச்சுக்கிட்டு அவ்வளவு தூரம். நான் வாசல்ல நின்னு, "அங்கயே வச்சிடுங்கம்மா. காசு திண்ணையில இருக்கு"ன்னேன். "சரி தம்பி"ன்னு வச்சுட்டு, காசை எடுத்துக்கிட்டு போனாங்க. நாலு நாள் கழிச்சு அதுவும் வேணாம்னு அம்மாகிட்ட சொல்லிட்டேன். "எத்தனை வீட்டுக்குப் போயிட்டு வர்றாங்களோ"ன்னு ஒரு காரணம். அம்மா தயங்கித் தயங்கி அவங்ககிட்ட சொன்னப்போ, "எனக்கு ஒண்ணும் இல்லையே தம்பி"ன்னு என்னைப் பார்த்துதான் சொன்னாங்க. அதோட சரி. அதுக்கப்புறம் அவங்க எங்க தெருவுக்கு வரல. இன்னிக்கு வரைக்கும் வரல.

அந்த முதல் சில வாரத்துக்காக யாரையும் நான் குத்தம் சொல்லல. யாருக்கும் எதுவும் தெரியாது. உலக சுகாதார நிறுவனமே மார்ச் கடைசியில 'இது காத்துல பரவற நோய் இல்ல'ன்னு ட்வீட் போட்டது. பெரிய ஆளுங்களே அப்படிச் சொன்னா கீரைக்கட்டைப் பார்த்து பயப்படாம என்ன பண்றது?

ஆனா விஷயம் தெரிஞ்ச பிறகு என்ன பண்ணோம்? என் சண்டை அங்கதான்.

2020 ஜூலையிலேயே 239 விஞ்ஞானிகள் சேர்ந்து, இது காத்துல பரவுது, அதுக்குத் தகுந்த மாதிரி நடந்துக்கோங்கன்னு கடிதம் எழுதினாங்க. 2021 ஏப்ரல்ல அமெரிக்காவோட நோய்க் கட்டுப்பாட்டு மையம், கிருமி பட்ட பொருளை ஒரு தடவை தொட்டா நோய் வர்றதுக்கான வாய்ப்பு பொதுவா பத்தாயிரத்துல ஒண்ணுக்கும் கீழன்னு சொல்லிடுச்சு. அதாவது, நான் இஸ்திரி போட்ட நோட்டெல்லாம் தண்டம். கரண்ட் பில்தான் மிச்சம்.

இன்னொரு கதை. 2020 ஜனவரி 24, சீனாவுல குவாங்சோ நகரம். ஜன்னல் இல்லாத ஏசி ஹோட்டல். வூஹான்லேர்ந்து வந்த ஒரு குடும்பம் மதியம் சாப்பிடுது. பக்கத்துப் பக்கத்து மூணு மேசை, மூணு குடும்பம், மொத்தம் பத்து பேருக்கு நோய். மேசைக்கு மேசை ஒரு மீட்டர் இடைவெளி இருந்தது. ஏசி காத்து அந்த மூணு மேசைக்குள்ளேயே சுத்திக்கிட்டு இருந்ததுதான் காரணம்னு ஆராய்ச்சிக் கட்டுரை அந்த வருஷமே வந்தாச்சு. அதே தளத்துல மத்த மேசையில உட்கார்ந்திருந்தவங்களுக்கும் பரிமாறினவங்களுக்கும் வரல.

நம்ம அரசாங்கத்துக்கும் இது புரிஞ்சுதான் இருந்தது. ஜூன் 8லேர்ந்து ஹோட்டல்ல உட்கார்ந்து சாப்பிடலாம்னு விட்டப்போ ரெண்டு கண்டிஷன். பாதி சீட்டுதான், ஏசி இருந்தாலும் போடக்கூடாது. அத்தனை உத்தரவுலயும் என் இஞ்சினியர் மூளைக்கு ரொம்பப் பிடிச்ச வரி அந்த ஏசி வரிதான்.

நாம என்ன பண்ணோம்? அந்த வருஷக் கடைசி. பெரியப்பா பையனுக்குப் பொறந்த நாள். ஒரு ஏசி ஹோட்டலுக்குப் போனோம், பேர் வேணாம். வாசல்ல நெத்தியில துப்பாக்கி. கையில சானிட்டைசர். ஸ்பூனையெல்லாம் வெந்நீர்ல போட்டுக் கொண்டாந்து வச்சாங்க, ஆஹா என்னா சுத்தம்! அப்புறம் கதவைச் சாத்திக்கிட்டு, மாஸ்க்கைக் கழட்டிப் பையில வச்சுட்டு, ஒண்ணரை மணி நேரம் அம்பது பேர் ஒரே காத்தை மூச்சு விட்டோம்.

அதே சமயம் எங்க ஊர்ல ஒரு மெஸ். மூணு பக்கம் திறந்த கொட்டாய். மேல ஃபேன். வாழை இலைச் சாப்பாடு. யோசிச்சுப் பாருங்க, வாழை இலையை விட சுத்தமான தட்டு எது? ஒருத்தர் சாப்பிட்ட இலையில இன்னொருத்தர் சாப்பிட முடியுமா? நோய்க்காலத்துக்குன்னே டிசைன் பண்ண ஹோட்டல் மாதிரி இருக்கும். அங்க ஈ ஓட்டிக்கிட்டு இருந்தாங்க. காரணம் கேட்டா, "அங்கெல்லாம் ஹைஜீனிக்கா இருக்காதுப்பா."

இலைன்னதும் ஞாபகம் வருது. திருவையாறு, திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் வாழை போட்டவங்களை அந்த வருஷம் கேட்டுப் பார்த்திருக்கணும். கல்யாணம் இல்ல, ஹோட்டல் இல்ல, இலை மரத்துலயே கிழிஞ்சு தொங்குச்சு. நாம பார்சல் வாங்கினோம். 2019 ஜனவரி 1லேர்ந்து தமிழ்நாட்டுல 14 வகை பிளாஸ்டிக்குக்குத் தடை. அந்தத் தடைக்கு ஒரு வயசு முடிஞ்ச கையோட நோய் வந்துடுச்சு. கொதிக்கிற சாம்பாரைக் கவர்ல கட்டி, அதை இன்னொரு கவர்ல போட்டு, வீட்டுக்கு வந்து கவரையும் சோப்புப் போட்டுக் கழுவினோம். டிகிரி காபிக்கு டபராவோட பேரெடுத்த கும்பகோணத்துக்குப் பக்கத்து ஊர்க்காரன், டீயை பிளாஸ்டிக் கவர்ல தொங்கவிட்டுக்கிட்டு வந்தேன். ஊருக்கே அவமானம்!

"கோயம்பேட்டை மறந்துட்டியா?"ன்னு ஒருத்தர் பின்னூட்டத்துல வருவீங்க. மறக்கல. திறந்த வெளியா இருந்தாலும் மூஞ்சிக்கு மூஞ்சி முட்டிக்கிட்டு நின்னா நோய் வரும்தான். ஆனா அந்தக் கூட்டம் எப்படி வந்ததுன்னும் ஞாபகப்படுத்திக்கோங்க. ஏப்ரல் 26லேர்ந்து நாலு நாள் முழு ஊரடங்குன்னு 24ஆம் தேதி அறிவிச்சாங்க. மறுநாள் ஊரே மார்க்கெட்டுல. ஏற்கெனவே கடை திறக்கற நேரத்தைக் காலை 6லேர்ந்து மதியம் 1 வரைக்கும்னு குறைச்சிருந்தாங்க. நம்ம பாஷையில சொன்னா, வர்ற லோடு அதேதான், சர்வர் ஓடற நேரத்தைப் பாதியாக்கிட்டீங்க. பீக் ஏறாம என்ன செய்யும்? மே 5ஆம் தேதி கோயம்பேட்டை மூடினாங்க. அரியலூருக்கும் கடலூருக்கும் திரும்பின கூலித் தொழிலாளிங்க தலையில நோயும் வந்தது, பழியும் வந்தது. கூட்டத்தைக் கலைக்கணும்னா வியாபாரத்தைப் பரப்பணும். நூறு பேரை ஒரு கடைக்கு வரவைக்கறதுக்குப் பதிலா ஒரு கூடைக்காரம்மா நூறு வீட்டு வாசலுக்குப் போகணும்.

இது நான் கண்டுபிடிச்சதில்ல. அரசாங்கமே செஞ்சது. 2021 ரெண்டாவது அலையில, மே 24லேர்ந்து மளிகைக் கடை உட்பட எல்லாத்தையும் மூடிட்டு, தோட்டக்கலைத் துறையும் உள்ளாட்சியும் வண்டி வண்டியா காயையும் பழத்தையும் தெருத்தெருவா அனுப்பினாங்க. எங்க தெருவுக்கும் வந்தது. எல்லாரும் பையைத் தூக்கிக்கிட்டு போய் வாங்கினோம். வண்டியில பேனர் இருந்தது, அதனால சுத்தம். கீரைக்காரம்மா கூடையில பேனர் இல்ல, அதனால நோய்!

2020 மே மாசம் வாணியம்பாடியில நகராட்சி ஆணையரே தெருவுல இறங்கி பழ வண்டிகளைக் கவுத்துவிட்ட வீடியோ பார்த்திருப்பீங்க. ஊரே திட்டின பிறகு மன்னிப்பு கேட்டார். அவர் பண்ணதைப் பார்த்து நானும் பொங்கினேன், ஸ்டேட்டஸ் போட்டேன். ஆனா நான் திண்ணையில காசை வச்சதும் அதேதானே? அவர் வண்டியைக் கவுத்தார். நான் கவுக்காம கவுத்தேன். என்னை யாரும் வீடியோ எடுக்கல, அவ்வளவுதான் வித்தியாசம்.

இன்னொண்ணும் சொல்லிடறேன், கசக்கும். எட்டி நின்னு பொருளை வைக்கச் சொல்றது, கை படாம காசைப் போடறது, தனி டம்ளர்... இதெல்லாம் 2020லதான் நம்ம ஜில்லாவுக்கு வந்ததா? எங்க தாத்தா காலத்து வயல்காட்டுல கூலி எப்படிக் கொடுத்தாங்க, டீக்கடையில யாருக்கு எந்தக் குவளைன்னு வீட்டுப் பெரியவங்களைக் கேட்டுப் பாருங்க. மருத்துவர் சொன்ன இடைவெளி வேற, இது வேற. மருத்துவர் எல்லார்கிட்டயும் தள்ளி நிக்கச் சொன்னார். நாம ஏசி ஹோட்டல்ல பெரியப்பா தோளை உரசிக்கிட்டு உட்கார்ந்துட்டு, கூடைக்காரம்மாகிட்ட மட்டும் தள்ளி நின்னோம். அதனாலதான் அந்தப் பழக்கம் அவ்வளவு சுலபமா கைக்கு வந்துச்சோன்னு எனக்கு ஒரு சந்தேகம். என் கையைப் பார்த்துதான் சந்தேகப்படறேன்.

"இப்போ எனக்கு ஆப்புல ஆர்டர் பண்றது வசதி, ஏசி கடையில ஒரே இடத்துல எல்லாம் கிடைக்குது, உனக்கென்னய்யா?"ம்பீங்க. ஒண்ணுமில்லீங்க. நானும் ஆர்டர் பண்றவன்தான். வசதிக்கு வாங்கினா வசதின்னு சொல்லுங்க. சோம்பேறித்தனம்னா அப்படிச் சொல்லுங்க, நானும் சேர்ந்து கை தூக்கறேன். சுத்தம்னு மட்டும் சொல்லாதீங்க. 2023 மே 5ஆம் தேதி உலக சுகாதார நிறுவனம் அவசர நிலை முடிஞ்சதுன்னு அறிவிச்சாச்சு. நோய் போயி வருஷக்கணக்காகியும் நோய் பேரைச் சொல்லி ஒருத்தர் பொழப்பை ஒதுக்கி வைக்கிறது என்ன நியாயம்? தெரு வியாபாரிங்களுக்கு 2020 ஜூன்ல மத்திய அரசு பத்தாயிரம் ரூபா கடன் திட்டம் கொண்டுவந்தது. நல்லதுதான். கடன் வாங்கி கூடையை நிரப்பலாம். கூடையை இறக்கறதுக்கு ஒரு வாசல் வேணுமே?

சித்தி வீட்டுல சாப்பிட்டு முடிச்சுட்டு வெளிய வந்தேன். அந்தக் கீரை அம்மா ரெண்டு தெரு தள்ளிப் போயிட்டாங்க. ஓடிப்போய் நிறுத்தி நாலு கட்டு வாங்கினேன். காசைக் கையில கொடுத்தேன். எங்க பழைய கீரைக்காரம்மாவைப் பத்திக் கேட்டேன், அடையாளம் சொன்னேன். அவங்களுக்குத் தெரியல. பேர் என்னன்னு கேட்டாங்க.

இருபது வருஷம் அவங்க கையால கீரை சாப்பிட்டிருக்கேன். பேர் தெரியல எனக்கு.

அடுத்த தடவை ஒரு நோய் வரும். வராம இருக்கப் போறதில்ல. அப்போ பயப்படுவோம், பயப்படணும். ஆனா பயப்படறதுக்கு முன்னாடி ஒரே ஒரு கேள்வி கேளுங்க: இங்க காத்து எங்கேர்ந்து வந்து எங்க போகுது? அந்தக் கேள்விக்கு வாசல்ல நிக்கிற கூடைக்காரம்மாவும் கொட்டாய் மெஸ்ஸும் எப்பவும் பாஸ்தான். ஃபெயில் ஆகறது யாருன்னு உங்களுக்கே தெரியும்.

டிஸ்கி 1: நாலு கட்டு கீரையை சித்திகிட்டயே கொடுத்தேன். முறைச்சாங்க. சாயங்காலம் போன் பண்ணி, "கீரை நல்லாத்தான்பா இருந்துச்சு, பூண்டு போட்டு மசிச்சேன்"னாங்க. ஒரு ஓட்டு விழுந்துடுச்சு :-)

டிஸ்கி 2: கும்மி அடிக்க வர்றவங்க தாராளமா அடிக்கலாம். ஆனா பின்னூட்டத்துல உங்க தெருவுக்கு வர்ற ஒரு வியாபாரியோட பேரைக் கேட்டுட்டு வந்து அடிங்க. பேரை இங்க எழுத வேணாம், தெரிஞ்சுக்கிட்டா போதும்.