நீலம் யார் கைவண்ணம்?

அமெரிக்க மண்ணில் அவுரியை விளைவித்து நீலச் சாயத்தை வாணிகப் பொருளாக்கிய பெண்மணி என்று எலைசா லூக்கஸ் பிங்க்னியைப் போற்றுகிறார்கள். 1793-ல் பிலடெல்பியாவில் அவர் மறைந்தபோது சவப்பெட்டியைத் தாங்கியவர்களில் ஒருவர், குடியரசுத் தலைவர் ஜார்ஜ் வாஷிங்டன். போற்றட்டும். நாம் கேட்பது ஒரே கேள்வி: சாயத் தொட்டியருகே நின்று வெந்தவர் யார்?

அம்மையாரின் திறமையை நாம் மறுக்கவில்லை. 1722-ல் ஆன்டிகுவா தீவில் பிறந்தவர். 1739-ல் தந்தை தீவுக்குத் திரும்பியபோது, தென் கரோலினாவில் மூன்று தோட்டங்களின் பொறுப்பு பதினாறு வயதில் அவர் தலையில் விழுந்தது. தந்தை அனுப்பிய விதைகளை விதைத்துப் பார்த்தார். முதல் பயிர் பனியில் கருகியும் விடவில்லை. 1744-ல் வெற்றி கண்டார். எல்லாம் உண்மை.

ஆனால் உழுதவர், அறுத்தவர் யார்? ஆப்பிரிக்க அடிமைகள்! அவுரித் தழையைத் தொட்டியில் ஊறப்போட்டு, புளித்த நீரை அடுத்த தொட்டிக்கு இறக்கி, விடாமல் அடித்துக் கலக்கி, சுண்ணாம்பு நீர் சேர்த்து, அடியில் படிந்த வண்டலை வடித்துக் காயவைக்க வேண்டும். அழுகிய தழையின் நாற்றத்தில் ஈ மொய்க்கும். பதம் தப்பினால் அத்தனையும் பாழ். சாயம் காய்ச்ச வந்த நிக்கலஸ் கிராம்வெல் சுண்ணாம்பு நீரை அளவு மீறி ஊற்றிக் கெடுத்தார். பிறகு பிரெஞ்சுத் தீவிலிருந்து தந்தை அனுப்பிய கறுப்பினத் தொழிலாளியின் கைப்பக்குவம்தான் உதவியது. அவர் பெயரைச் சொல்லிப் பாராட்டுவோர் உண்டா?

சரக்குச் சீட்டு எழுதும் நமக்கு இது புதிதல்ல. அனுப்புபவர் பெயர் உண்டு, பெறுபவர் பெயர் உண்டு. மூட்டை சுமந்தவர் பெயருக்கு அதில் இடமே கிடையாது. வரலாற்றையும் அப்படித்தான் எழுதி வைத்திருக்கிறார்கள்.

1745-46-ல் 5,000 பவுண்டு எடையாக இருந்த நீல ஏற்றுமதி 1748-ல் 1,30,000 பவுண்டைத் தொட்டது. அதே 1748-ல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் பவுண்டுக்கு 6 பென்ஸ் ஊக்கத்தொகை அறிவித்தது. தோட்ட முதலாளிக்கு லாபம், கப்பல்காரனுக்கு லாபம். அடிமைக்குக் கூலி என்ற பேச்சே இல்லை.

கறுப்பினச் சிறுமிகள் இருவருக்கு வாசிக்கக் கற்றுக்கொடுத்தாரே என்பார்கள். கொடுத்தார். ஆனால் வாசிக்கத் தெரிந்தாலும் அடிமை அடிமைதானே! 1739-ல் அதே பகுதியில், ஸ்டோனோ ஆற்றருகே, அடிமைகள் விடுதலை கேட்டு ஆயுதம் ஏந்தினார்கள். அதற்குப் பதில், அடிமைக்கு எழுதக் கற்பிப்பதைக் குற்றமாக்கிய 1740-ஆம் ஆண்டுச் சட்டம்.

தாய் சேர்த்த செல்வம் மகனுக்கு அரசியலானது. 1787 அரசியலமைப்பு மாநாட்டில், அடிமை வணிகத்தை 1808 வரை தடுக்கக் கூடாது என்று தீர்மானம் கொண்டுவந்தவர் அவருடைய மகன் சார்லஸ் கோட்ஸ்வொர்த் பிங்க்னிதான்!

அமெரிக்கா விடுதலை பெற்றதும் பிரிட்டிஷ் ஊக்கத்தொகை நின்றது. தென் கரோலினா முதலாளிகள் பருத்திக்கு மாறினார்கள். பிரிட்டிஷ் வணிகர்கள் நீலத்துக்கு வங்காளத்தைப் பிடித்தார்கள். சம்பாரண் உழவன் 20 கட்டா நிலத்தில் 3 கட்டாவில் கட்டாயமாக அவுரி விதைக்க நேர்ந்ததும், 1917-ல் காந்தியடிகள் அங்கு சென்றதும் அந்தத் தொடரின் கடைசிக் கண்ணிகள்.

தோழர்களே, அம்மையாரின் பெயரை அழிக்கச் சொல்லவில்லை. பக்கத்தில் இன்னொரு வரி எழுதச் சொல்கிறோம்: இந்த நீலம், கூலி பெறாத கைகள் காய்ச்சியது.