கரை தொடுமா என்று கேளுங்கள்

சொகுசுக் கப்பலுக்கு முன்பதிவு செய்யுமுன், அது எந்தக் கரையைத் தொடும் என்று விசாரிக்க வேண்டும். 2022 ஜூனில் சென்னையிலிருந்து கிளம்பிய கார்டிலியா கப்பலை, அதில் சூதாட்டக்கூடம் இருப்பதால் புதுச்சேரி அரசு அனுமதிக்கவில்லை. அந்த ஊரைப் பார்க்கப் போனவர்களுக்குக் கடல்தான் மிச்சம். சின்னக் கப்பலில் இந்தத் தொல்லை இருக்காது என்பார்கள். 36 பேர் மட்டுமே தங்கும் கங்கா விலாஸ் என்ற ஆற்றுக் கப்பல், 2023 ஜனவரியில் வாரணாசியிலிருந்து திப்ரூகருக்கு 51 நாள் பயணமாகப் புறப்பட்டது. ஆனால் பீகாரின் சாப்ரா அருகே கரையோரம் ஆழம் போதாமல், பயணிகளைச் சிறு படகில்தான் சிராந்து தொல்லியல் தலத்துக்குக் கூட்டிப்போனார்கள். சின்னக் கப்பலில் கூட்டமில்லை, உபசாரம் கூடுதல், விலையும் அதற்கேற்பத்தான். ஆட்டபாட்டம் தேடுகிறவருக்குச் சீக்கிரம் அலுத்துவிடும். இவ்வளவு பார்த்தால் எங்கே போவது என்கிறீர்களா? கரை தொடாவிட்டால் பணம் திரும்புமா, கரைச்சுற்றுலாவும் துறைமுகக் கட்டணமும் டிக்கெட்டில் அடங்குமா என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு தாராளமாகப் போகலாம்.